ஷ்னெப்பர் குலத்து மகேஸ்வரன்

தொடக்கமும் முடிவும் அற்றவன் இறைவன் ஒருவனே என்று மகேஸ்வரன் பால்குடி மறந்த நாள் முதலாக நம்பி வந்தவர். யூனியன்வில்லின் பழைய தெருவில் ஒரு வீட்டை வாங்கிய பின்னர்தான், ஷ்னெப்பர் குடும்பத்தாரும் அத்தகையோரே என்பது அவருக்குத் தெரியவந்தது.

அந்த வீட்டைக் கட்டியவர்கள் ஷ்னெப்பர்கள். ஜெர்மானிய நிலத்திலிருந்து கப்பலேறி, அமெரிக்கா என்றொரு நாடு பிறப்பதற்கு முன்பே பென்சில்வேனியாவில் காடு வெட்டிக் கழனி கண்டவர்கள். நாடு பிறந்த சில காலத்தில் அதன் போக்குப் பிடிக்காமல், பெண்டு பிள்ளைகளைக் கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, எல்லை தாண்டி வடக்கே இந்த ஊருக்கு வந்தவர்கள். இவ்வளவுதான் தெரியும். இதற்கு மேல் அவர்களைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியாது. அந்தத் தெரியாமையை ஒரு துளியும் சிந்தாமல் காப்பதற்கென்றே ஊரில் ஒரு சங்கம் இருந்தது. முதற்குடியேறிகள் மரபுகாப்புச் சங்கம் என்பது அதன் திருநாமம்.

வீட்டு உறுதிப் பத்திரத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஒரு நிபந்தனை இருந்தது. கட்டிய குடும்பத்தின் இசைவு இல்லாமல் வீட்டின் முகப்பில் ஒரு கல்லையும் அசைக்கலாகாது. அந்த இசைவைச் சங்கமே பெற்றுத் தரும். "உது அந்தக் காலத்துக் கதை அண்ணை, ஒருத்தரும் பாக்க மாட்டினம்" என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். வீட்டோடு வந்த இன்னொன்றையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. வாசலில் மரத்தாலான பழைய மோர்த் தொட்டி ஒன்று நின்றது. ஷ்னெப்பர்கள் சங்கத்துக்குக் கொடுத்த பொருள் ஷ்னெப்பர் வாசலிலேயே நிற்கவேண்டும் என்பது விதியாம். மனைவி யோகமலர் அதில் கறிவேப்பிலை நட ஆசைப்பட்டாள். ஒரு வாரத்தில் சங்கத்திலிருந்து கண்டனம் வந்தது. செடி பின்வளவுக்கும் தொட்டி மீண்டும் வாசலுக்கும் போயின.

சென்ற மாசியில் யோகமலருக்குப் பாரிசவாதம் கண்டது. வலக்காலும் வலக்கையும் அடங்கின. நாக்கை மட்டும் நோய் தொடவில்லை. தொட அஞ்சியிருக்கும் என்பது மகேஸ்வரனின் கணிப்பு. சக்கர நாற்காலியில் வீட்டுக்குள் போக வழி இருந்தால் அழைத்துப் போகலாம் என்றார்கள் மருத்துவமனையில். வழி இல்லை. முன்வாசலில் கற்படிகள், பக்கவாசல் ஆள் ஒருக்களித்துப் போகும் அகலம், பின்வாசல் குளத்துச் சரிவின் மேல் தொங்கியது. ஆகவே அவள் அஜின்கோர்ட்டில், மகள் துர்க்காவின் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். மகேஸ்வரன் படிகளின் மேல் ஒரு மரச் சரிவுப்பாதை போட அனுமதி கேட்டுச் சங்கத்துக்குப் போனார்.

சங்க மண்டபத்திலும் வாசலில் கற்படிகள் இருந்தன. உள்ளே நாற்காலிகள் வரிசையாக இருந்தன. முன்வரிசை, முதல் வண்டியில் வந்த குடும்பத்தாருக்கு. அடுத்த வரிசை, இரண்டாம் வண்டிக்கு. நடந்து வந்தவர்களின் சந்ததிக்கு முதுகுச் சாய்வு இல்லாத பலகை. கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து, பென்சில்வேனியா இருக்கும் தென்திசை நோக்கித் தலை தாழ்த்தினார்கள். தென்சுவரோரம் கோப்பிப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. இவர்கள் அதைத்தான் வழிபடுகிறார்கள் என்று மகேஸ்வரன் எண்ணினார். பிறர் வழிபாட்டின் நடுவே விறைத்து நிற்பது பிழை என்று வளர்க்கப்பட்டவர் ஆதலால், தாமும் கோப்பிப் பாத்திரத்தைக் கைகூப்பித் தொழுதார். அது சபையில் நல்லெண்ணத்தை உண்டாக்கியது.

தலைவி மிஸ்ஸிஸ் விட்கொம்ப் ஆங்கிலத்தில் மொழிந்ததன் சாரம் பின்வருமாறு:

"உங்கள் மனைவியின் துன்பம் எங்கள் துன்பம். எங்கள் நெஞ்சம் கல் அன்று. ஆனால் அந்தப் படிகள் கல். யொஹான் ஷ்னெப்பர் தம் கையால் இட்டவை. அவர் இசைந்தால் நாளைக்கே பாதை போடலாம்."

"அவர் செத்துப் போனாரல்லோ?" என்றார் மகேஸ்வரன்.

"அதற்குச் சான்று இல்லை."

"பிறந்ததுக்கு?"

"அதற்கும் இல்லை. ஆனால் வீடு இருக்கிறது. ஆகவே அவர் பிறந்திருக்கிறார். இறந்ததைக் காட்ட அப்படி ஒரு வீடு இல்லை."

மகேஸ்வரன் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் ஆயுள் முழுதும் பிழை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வாக்கியத்தில் எங்கோ ஒரு வெடிப்பு உண்டு என்று அவருக்குத் தெரிந்தது; எங்கே என்று காட்ட முடியவில்லை. ஷ்னெப்பரின் வழித்தோன்றல் ஒருவரைக் கண்டு இசைவு பெறவேண்டும், அல்லது அந்த வழி அற்றுப்போயிற்று என்று மெய்ப்பிக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. துணைக்கு ஆவணச் செயலாளர் சுப்பிரமணியனைக் கொடுத்தார்கள்.

சுப்பிரமணியன் திருச்சிக்காரர், வங்கியொன்றில் கணினி வேலை. சங்கத்தின் மேல் அவருக்கிருந்த பக்தி, முதல் வண்டிக்காரர்களுக்கே கூச்சம் தரத்தக்கது. அவர் வண்டியில் வரவில்லை, விமானத்தில் வந்தவர். ஆகையால் நாற்காலி கிடையாது. கோப்பிப் பாத்திரத்தருகே நின்றபடியே பதவி வகித்தார். என்றேனும் ஒருநாள் அமரவேண்டும் என்பது அவர் தவம்.

"ரெகார்ட்ஸ் ரொம்ப ஸ்ட்ராங் சார்" என்றார் அவர். "ஒரு வரிப் பதிவு இருக்கு: ஒரு பசு. ஒரு அபராதம்: பன்னி தெருவுல திரிஞ்சதுக்கு. சர்ச் புக்குல ஒரு வரி: ஷ்னெப்பர் வீட்டுக் குழந்தை, காய்ச்சல். அப்புறம் ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு கல்லறைக் கல்."

"அவ்வளவும்தானோ தம்பி?"

"அவ்வளவுமா? சார், இதை வெச்சு மேடம் ஒரு பெரிய புஸ்தகமே எழுதியிருக்காங்க. பன்னிக்கு மட்டும் மூணு சாப்டர். அது எந்த மனநிலையில தெருவுக்கு வந்ததுன்னு..."

"அது எப்பிடித் தெரியும்?"

சுப்பிரமணியன் இரக்கத்தோடு பார்த்தார். "டாக்குமெண்ட் இருந்தா யார் வேணா படிச்சிடலாம் சார். இல்லாத டாக்குமெண்டைப் படிக்கத்தான் எக்ஸ்பர்ட் வேணும்."

அழல்தூணின் அடி காணப் பன்றியாய் ஒருவர் நிலம் அகழ்ந்ததும், முடி காண அன்னமாய் ஒருவர் விண்ணில் பறந்ததும் அடியார்கள் அறிந்ததே. அவ்வண்ணமே சுப்பிரமணியன் கணினிவழியே மேலே பறக்க, மகேஸ்வரன் ஸ்ரௌவ்வில்லுக்குக் காரில் போய்க் கீழே தேடினார். அந்தப் பழைய மயானம் புதுக் குடியிருப்பின் நடுவே, நாலு வீட்டு வேலிகளுக்கிடையே ஒடுங்கிக் கிடந்தது. நூல் பிடித்தது போன்ற புல்தரையும் பார்பிக்கியூ அடுப்புமாகச் சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள். வேலிக்கு மேலாக ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணை தேடுறியள்?"

"ஒரு ஆளின்ர கல்லு, தங்கச்சி."

"சொந்தக்காரரோ?"

"அதைத்தான் தேடுறம்."

பாலேஸ்வரி என்ற அந்தப் பெண் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வாளியில் தண்ணீரும் தன் சாடியிலிருந்து ஒரு சிவந்த பூவும் வேலிக்கு மேலாக நீட்டினாள். மகேஸ்வரன் கல்லைக் கழுவத் தொடங்கியதும் பின்னாலிருந்து, அப்போதுதான் வந்து சேர்ந்த சுப்பிரமணியனின் அலறல்.

"சார்! கழுவாதீங்க! அந்த அழுக்குகூட ஒரிஜினல்!"

அதற்குள் எழுத்துத் தெரிந்துவிட்டது. 'யொஹான். யொஹானின் மகன். யொஹானின் தந்தை. அருகே மனைவி எலிசபெத்.' மகேஸ்வரன் அதை இருமுறை படித்தார். உண்மையை இவ்வளவு முழுமையாகச் சொல்லியும் ஒன்றுமே சொல்லாத கல்லை அவர் கண்டதில்லை. பூவைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

ஆனாலும் தொழிற்சாலைக் கண் அவரைக் கைவிடவில்லை. பன்றிக்கு அபராதம் கட்டிய யொஹான், காலத்தால் கடைசியானவர். அந்தப் பதிவிலேயே 'தனியன்' என்றிருந்தது. அவருக்குப் பின் ஷ்னெப்பர் என்று எந்தப் பதிவும் இல்லை. கட்டைப் பிரமச்சாரி, பிள்ளையில்லை, வழி அற்றது. இதை அவர் சபையில் எடுத்துச் சொன்னபோது, பலகையில் இருந்த இருவர் தலையசைத்துவிட்டு, முன்வரிசையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

மிஸ்ஸிஸ் விட்கொம்ப் எழுந்தார்.

"பிள்ளை இருந்ததாகப் பதிவு இல்லை என்றால் பிள்ளை இல்லை என்றா பொருள்? பதிவு இல்லை என்றே பொருள். என் சொந்தக் குடும்பத்தைப் பாருங்கள். என் பாட்டியின் பாட்டி யார் மகள் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆகவேதான் அவர் முதல் வண்டியில் வந்தவர் என்பதை இதுவரை எவராலும் மறுக்க முடியவில்லை. பதிவின் மௌனம் சம்மதம். இந்தச் சங்கம் நிற்பதே அந்த மௌனத்தின் மேல்தான்."

மகேஸ்வரன் மெல்லக் கேட்டார்: சரிவுப்பாதை கூடாது என்று ஷ்னெப்பர்கள் சொன்னதாகவும் பதிவு இல்லையே, அந்த மௌனமும் சம்மதம்தானே?

முன்வரிசை முழுதும் கோப்பிப் பாத்திரத்தைத் திரும்பிப் பார்த்தது.

"அது வேறு வகை மௌனம்" என்றார் மிஸ்ஸிஸ் விட்கொம்ப். மௌனங்களின் வகைகளை ஆராய ஓர் உபகுழு அமைக்கத் தீர்மானமாயிற்று.

அடுத்து அறிவியலை நாடினார்கள். வீட்டுக் கதவின் இரும்புக் கைபிடி கட்டிய நாள் முதல் மாற்றப்படாதது என்பதில் சங்கத்துக்கு ஐயமே இல்லை. ஆகவே அதில் ஒட்டியிருப்பது ஷ்னெப்பர் மரபணுவே என்று முடிவுசெய்து, சுப்பிரமணியன் பஞ்சால் ஒற்றியெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். முடிவு வந்தது. கைபிடியின் பூர்வீகம் இலங்கையின் வடபகுதி.

"அது உங்கட கையும் என்ர கையும்தானே!" என்று யோகமலர் தொலைபேசியில் சிரித்தாள். "நல்லெண்ணெய்க் கை!"

சங்கத்தில் எவரும் சிரிக்கவில்லை. முதல் வண்டிக்கு முன்னரும் ஒரு வண்டி வந்திருக்கலாம் என்ற அச்சம் முன்வரிசையில் பரவிற்று. யாழ்ப்பாணத்துக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையே பழைய காலத்தில் வண்டிப்பாதை இருந்ததா என்று மகேஸ்வரனைக் கேட்டார்கள். நடுவில் கடல் இருக்கிறது என்றார் அவர்.

"அப்போதும் இருந்ததா? பதிவு உண்டா?"

இரண்டாவது உபகுழு அமைந்தது.

இப்படிச் சித்திரை போய் வைகாசி போய் ஆனியும் போயிற்று. மகேஸ்வரன் நாள்தோறும் அஜின்கோர்ட்டுக்குப் போய் மனைவியைப் பார்த்துவிட்டு, தனியே வீட்டுக்குத் திரும்புவார். அவளுடைய செருப்பு, அன்றைக்கு அம்புலன்ஸ்காரர் அவளைத் தூக்கிய இடத்திலேயே கதவோரம் கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"என்ன சொல்லுறார் உங்கட வெள்ளைக்கார அப்பப்பா?" என்பது அவள் வழக்கமான வரவேற்பு.

"இன்னும் செத்ததுக்கு சேர்ட்டிபிக்கேற் கிடைக்கேல்லை, மலர்."

"அம்மா, ஐ கேன் ஃபைல் எ கேஸ்!" என்றாள் துர்க்கா சமையலறையிலிருந்து. "லோயரோட கதைச்சனான். டூ யியர்ஸ்ல ஹியரிங் வரும்."

"ரெண்டு வருசமோ! அதுக்குள்ள நான் உன்ர உப்பில்லாச் சாப்பாட்டிலயே போயிடுவன் பிள்ளை." யோகமலர் யன்னல் பக்கம் திரும்பினாள். கீழே கார்கள் எறும்பாய் ஊர்ந்தன. பகடி அவள் குரலை விட்டு இறங்கியது. "இஞ்சேருங்கோ. நான் செத்தாப் பிறகு பெட்டியை வாசலால உள்ளுக்குக் கொண்டு போறதுக்கும் அவையிட்டைக் கேக்க வேணுமோ?"

அவள் இடக்கையால் அவர் கையைத் தட்டினாள்.

"சரி, மூஞ்சையை உப்பிடி வைச்சிருக்காதேங்கோ. ஆடி அமாவாசை வருகுது. உங்கட அப்பாவுக்குக் குடுக்கேக்குள்ள, அந்தச் சனத்துக்கும் ஒரு கை எள்ளுத் தண்ணி விடுங்கோ."

"ஆருக்கு? ஷ்னெப்பருக்கோ?"

"பின்னை? எத்தினை வருசமாய் ஆருமில்லாமல் கிடக்குதுகள். தாகத்தில வாசலை மறிக்குதுகள். குடிச்சிட்டு வழியை விடட்டும்."

அமாவாசையன்று கோயில் மண்டபத்தில் வரிசை வரிசையாக ஆடவர் அமர்ந்திருக்க, ஐயர் ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார். மகேஸ்வரனின் முறை வந்தது. தந்தை பெயர் கேட்டார், நாகமுத்து என்றார். தந்தையின் தந்தை பெயர் கேட்டார், ஆறுமுகம் என்றார். அவருக்கும் தந்தை யார் என்று கேட்டார். ஷ்னெப்பர்களின் வண்டியை இழுத்த குதிரையின் நிறம்வரை வாதிக்கக் கூடியவருக்குத் தம் பூட்டனின் பெயர் தெரியவில்லை.

"தெரியாட்டிப் பரமசிவன் எண்டு வைப்பம்" என்று ஐயர் தயங்காமல் கடந்தார். நீர் வார்த்து முடிந்ததும், "வேற ஆருக்கும் இருக்கோ?" என்றார்.

"ஓம் ஐயா. யொஹான்."

"தகப்பன் பேர்?"

"யொஹான்."

"தகப்பன்ர தகப்பன்?"

"யொஹான், ஐயா."

ஐயர் நிமிர்ந்தார். "மூண்டும் ஒரு ஆளோ?"

"இல்லை ஐயா, வேற வேற யொஹான். பெண் வழியில எலிசபெத்."

"கோத்திரம்?"

"பென்சில்வேனியா."

ஐயர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப சிவகோத்திரம். தர்ப்பையைச் சரியாப் பிடியுங்கோ."

எள்ளும் நீரும் தாம்பாளத்தில் விழுந்தன. கடலும் கடந்து, காடும் கடந்து, சமயமும் கடந்து வந்து காத்திருந்த ஒரு குடியைச் சைவம் ஒரே மூச்சில் தன் கோத்திரத்துக்குள் ஏற்றுக்கொண்டது. யூனியன்வில்லில் இதற்கே குறைந்தது இரண்டு உபகுழுக்கள் வேண்டியிருக்கும்.

பின்வரிசையில் தம் தந்தைக்குத் தர்ப்பணம் செய்துகொண்டிருந்த சுப்பிரமணியன், கையில் தர்ப்பை மோதிரத்தோடு எழுந்து நின்றுவிட்டார்.

"சார்," என்றார் பின்னர் வாசலில். "நீங்க என்ன பண்ணீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன பிழை விட்டனான் தம்பி?"

"ரூல் இருக்கு சார்! பதிவு இல்லாதபோது, முன்னோருக்கான கடமையை முறைப்படி யார் செய்யறாரோ, அவரை மறுக்க ஆள் இல்லேன்னா, அவர்தான் வாரிசு!"

அந்த விதிக்கு ஒரு வரலாறு உண்டு. அதை எழுதியவர் மிஸ்ஸிஸ் விட்கொம்பின் தந்தை. கேட்பாரற்ற ஒரு கல்லறையைச் சுற்றிக் கோடைதோறும் புல் வெட்டி, அந்தக் கடமையின் பலனாகவே அவர் குடும்பத்தை முன்வரிசையில் அமர்த்தினார். முடியைக் கண்டதாகப் பொய்ச்சான்று சொன்ன தாழம்பூ பூசைக்கு ஆகாமற் போயிற்று என்பர். இங்கே அது தலைவியின் நாற்காலியில் அமர்ந்திருந்தது. ஆகவே மகேஸ்வரன் எள்ளும் நீரும் வார்த்தது கடமையாகாது என்று சொன்னால், புல் வெட்டியதும் கடமையாகாது. முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகும்.

அடுத்த கூட்டத்தில் சுப்பிரமணியன் இதை வாசித்ததும் மிஸ்ஸிஸ் விட்கொம்ப் தம் நாற்காலியின் கைகளைத் தடவிக்கொண்டார். பின் எழுந்து, தென்திசை நோக்கித் தாழ்ந்து, அறிவித்தார்:

"இந்தச் சங்கம் எப்போதும் எல்லோருக்கும் திறந்தே இருந்துள்ளது. தகுதியுள்ளவர் எவரும் வராததால்தான் அது மூடியதுபோல் தோன்றியது. கைபிடியின் சான்றும் கடமையின் சான்றும் ஒத்துப்போகின்றன. திரு மகேஸ்வரன், பென்சில்வேனியா ஷ்னெப்பர்களின் வழித்தோன்றல்."

முன்வரிசையில் அவரை அமர்த்தினார்கள். கறுப்புத் தொப்பி ஒன்றைத் தலையில் வைத்தார்கள். நெற்றித் திருநீறு அதன் விளிம்பின் கீழ் வெண்ணிறமாய் எட்டிப் பார்த்தது. சுப்பிரமணியன் பாத்திரத்தருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லது" என்றார் மகேஸ்வரன் எழுந்து. "நான் ஷ்னெப்பர். நான் சம்மதிக்கிறேன். பாதையைப் போடலாம்."

"வாரிசு ஒருவர் தம் சொந்த நலனுக்குத் தாமே இசைவு தருவது முறையன்று" என்றார் மிஸ்ஸிஸ் விட்கொம்ப் கனிவோடு. "குடும்பத்தில் இன்னொருவர் நேரில் வந்து, இந்தச் சபையில், வாய்மொழியாகத் தரவேண்டும். உங்களுக்கு மனைவி இருக்கிறாரே. அவரும் இப்போது ஷ்னெப்பர்தான். அழைத்து வாருங்கள்."

மகேஸ்வரன் திரும்பி மண்டபத்து வாசலைப் பார்த்தார். கற்படிகள். அவருடைய தொழிற்சாலைக் கண் சட்டென்று விழித்தது.

"இந்த மண்டபத்தைக் கட்டியது யார்?"

"யொஹான் ஷ்னெப்பர்" என்றார் தலைவி பெருமையோடு. "பதிவு இல்லை. ஆனால் என் நூலில் இருக்கிறது."

"அப்படியானால் இந்தப் படிகளின் மேல் ஒரு பாதை போட ஷ்னெப்பர் இசைவு வேண்டும். இது என் வீடு அன்று. எனக்கு இதில் சொந்த நலன் இல்லை. நான் இசைகிறேன்."

சபை விதிப் புத்தகத்தைப் புரட்டியது. மறுக்க வழியில்லை. கூட்டம் முடியும்வரை மட்டும், பொழுது சாயுமுன் கழற்றவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. மகேஸ்வரன் பணம் கொடுத்து அமர்த்திய மரியோ என்ற தச்சர் சனிக்கிழமை காலையில் வந்து, நல்ல பலகையில், இரண்டு பக்கமும் கைபிடி வைத்து ஒரு பாதையைச் செய்து நிறுத்தினார். முன்னரே வீட்டுப் படிகளுக்கென்று அளந்து வைத்திருந்த அளவு அது. மண்டபத்துப் படிகளுக்கும் அச்சாகப் பொருந்திற்று. இரண்டையும் ஒரே கைதான் கட்டியிருக்கிறது என்பதற்கு இதுவே சான்று என்று மிஸ்ஸிஸ் விட்கொம்ப் குறித்துக்கொண்டார்.

யோகமலர் மாம்பழ நிறச் சேலையில், துர்க்கா நாற்காலியைத் தள்ள, பாதையில் ஏறி மண்டபத்துக்குள் வந்தாள். சபை எழுந்து தெற்கே திரும்பித் தலை தாழ்த்தியது.

"ஏன் உவை எல்லாரும் கோப்பிக்குக் கும்பிடினம்?"

"சும்மா இருமப்பா" என்று மகேஸ்வரன் தொப்பியைச் சரிசெய்தார்.

தங்கள் குடும்ப வீட்டின் முகப்பில் சரிவுப்பாதை இட இசைகிறீர்களா, திருமதி ஷ்னெப்பர், என்று கேட்டார்கள். துர்க்கா காதில் சொன்னாள்.

"ஓம்" என்றாள் யோகமலர். இசைவு பதிவாயிற்று.

"மகிழ்ச்சி" என்றார் தலைவி. "இனி, பாதையின் வடிவத்தை ஆராய ஓர் உபகுழு அமைப்போம். அக்காலத்து மரம், அக்காலத்து ஆணி. மரத்தைப் பென்சில்வேனியாவில் வளர்க்கவேண்டியிருக்கும்."

துர்க்கா இதைத் தாயின் காதில் தமிழில் சொன்னாள். மகேஸ்வரன் தொப்பியைக் கழற்றினார். பாதி ஆண்டு அலைச்சலும் அவர் தோளில் ஒருங்கே வந்து இறங்கியது போலிருந்தது. வெளியே மரியோ சுத்தியலோடு, பொழுது சாய்வதைப் பார்த்துக் காத்திருந்தார்.

யோகமலர் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி சுப்பிரமணியம்," என்றாள். "உந்த றாம்ப்பைக் கழட்டி எங்க வைக்கப் போறியள்?"

"டம்ப் பண்ணிடுவாங்க மேடம்."

"அதெப்பிடி? எங்கட வாசல்ல ஒரு மோர்த் தொட்டி நிக்குதல்லோ. அது ஏன் அங்க நிக்குது?"

"அது ஷ்னெப்பர்ஸ் சங்கத்துக்குக் கொடுத்த பொருள் மேடம். ரூல்படி ஷ்னெப்பர் வாசல்லதான்..."

அவர் நிறுத்தினார். கோப்பிப் பாத்திரத்தருகே நின்று நின்று விதிகளையே உண்டு வளர்ந்த அவர் முகத்தில், ஒளி மெல்லப் பரவியது.

"உந்த றாம்ப்பை ஆர் குடுத்தது?" என்றாள் யோகமலர்.

"சார் கொடுத்தார்."

"சார் ஆர்?"

"ஷ்னெப்பர்!" என்று கத்திவிட்டார் சுப்பிரமணியன்.

ஒரு கறிவேப்பிலைக் கன்றுக்காக எந்த விதி காட்டப்பட்டதோ, அந்த விதியே இப்போது வாசிக்கப்பட்டது. ஷ்னெப்பர் அளித்த பொருளை எறியலாகாது, அழிக்கலாகாது, ஷ்னெப்பர் வீட்டு முகப்பில் நிறுத்தி என்றென்றைக்கும் காக்கவேண்டும். மரியோ அன்று பொழுது சாயுமுன்னரே பாதையைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, ஷ்னெப்பர் வீட்டுப் படிகளின் மேல் காட்சிக்கு நிறுத்தினார். யோகமலர் அதன் வழியே ஏறி, பழைய இரும்புக் கைபிடியை இடக்கையால் திருகி உள்ளே போனாள். கதவோரம் கிடந்த செருப்பைக் கண்டு, "இவ்வளவு நாளும் கூட்டேல்லையோ?" என்று கேட்டாள்.

மகேஸ்வரன் அதன் பின் சங்கத்துக்குப் போகவில்லை. முன்வரிசை நாற்காலி வெறுமையாகக் கிடப்பது முறையன்று என்பதால், தம் சார்பில் சுப்பிரமணியனை அமரும்படி எழுதிக் கொடுத்தார். அவர் அமர்ந்த முதல் நாளில், நெடுநேரம் எழ மறுத்துவிட்டாராம்.

இலையுதிர் காலத்தில் சங்கம் பாதையோரம் ஒரு பித்தளைப் பலகை பதித்தது. ஞாயிறுதோறும் அதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். நடக்க இயலாத தம் மனைவி எலிசபெத்துக்காக யொஹான் ஷ்னெப்பர் தம் கையால், பென்சில்வேனியா மரத்தில் செய்த பாதை என்றும், இதற்குப் பதிவு இல்லை ஆயினும் பதிவின் மௌனமே சான்று என்றும் அதில் பொறித்திருக்கிறது. இதில் ஓர் ஆணியைக்கூட இனி எவரும் கழற்றலாகாது.

கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஒரு மாலையில் யோகமலர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஆர் உந்த எலிசபெத்?"

"நீர்தான், மலர்."

"ஓ. அப்ப உந்த மரத்தை அறுத்த யொஹான்?"

"அதுக்குப் பதிவு இல்லை" என்றபடி, மகேஸ்வரன் நாற்காலியை மேலே தள்ளினார்.